கல்லூரி ப்ரீமெட் ஆலோசனை மையம்: ஐந்து வருடம் பயன்படுத்திய பிறகு

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. நான் அமெரிக்காவில் படித்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் ப்ரீமெட், அதாவது மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகிறவர்களுக்கான, ஆலோசனை மையத்துக்கு நான் தரும் மதிப்பெண் இது. பெயர் வேண்டாம். பெரிய பல்கலைக்கழகம் எதில் படித்தாலும் இப்படி ஒரு மையம் இருக்கும், அதனால் நான் சொல்வதில் பாதியாவது உங்கள் கல்லூரிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். படித்த நான்கு வருடமும், பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருடமும் அங்கே போய் வந்தேன். இப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். சொந்தத்தில் சின்னவர்கள் நாலைந்து பேர் இதே பாதையில் வருகிறார்கள், எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த சென்டருக்குப் போனா பிரயோஜனம் இருக்கா அக்கா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். இங்கே பள்ளி முடித்ததும் நேராக மருத்துவம் சேர்வது அபூர்வம். முதலில் நான்கு வருடப் பட்டம். எந்தப் பாடமாகவும் இருக்கலாம், வரலாறும் இசையும் படித்துவிட்டு மருத்துவர் ஆனவர்கள் இருக்கிறார்கள், ப்ரீமெட் என்று பெரும்பாலும் தனியாக ஒரு பட்டம் கிடையாது. கூடவே உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், பயோகெமிஸ்ட்ரி என்று மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கும் பாடங்களை முடித்திருக்க வேண்டும். பிறகு எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம், அதன்பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் கட்டுரைகள், கடைசியில் நேர்காணல். வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்கிறார்கள், சேர்வது சுமார் 23,000 பேர். உள்ளே போக முடியாதவர்களிலும் நல்ல ஜிபிஏ (கல்லூரிப் பாடங்களின் சராசரி மதிப்பெண்) வைத்திருந்தவர்கள் நிறைய பேர் உண்டு.

ஆம்காஸ் விண்ணப்பத்தில் ஒரு பகுதி இருக்கிறது, நான்கு வருடக் கல்லூரி வாழ்க்கையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். வேலை, தொண்டு, ஆய்வு, மருத்துவரைப் பின்தொடர்ந்து பார்த்தது என்று மொத்தம் 15 பதிவுகள் போடலாம். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியையும் சேர்த்து 700 எழுத்து. அதில் உனக்கு மிக முக்கியமானவை என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தால் அவற்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்து. என்னைப் பொறுத்தவரை ஆலோசனை மையத்தின் வேலை, அந்தப் பெட்டிகளில் எழுதுவதற்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கும்படி ஒரு மாணவியை வாழ வைப்பது. இந்த மையம் அதைப் பாதி செய்தது, பாதி கெடுத்தது.

கெடுத்ததை முதலில் சொல்கிறேன். முதல் வருடம், செப்டம்பர், பதினெட்டு வயது. அரை மணி நேர சந்திப்பு. ஆலோசகர் கையில் ஒரு தாள் கொடுத்தார், அதில் ஓர் அட்டவணை: மருத்துவமனை அனுபவம் இத்தனை மணி, ஷேடோயிங் (மருத்துவரைப் பின்தொடர்ந்து பார்ப்பது) இத்தனை மணி, தொண்டு இத்தனை மணி, ஆய்வு, தலைமைப் பொறுப்பு, எதிரே காலியாகக் கட்டங்கள். மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இத்தனை மணி என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் எந்த எண்ணையும் விதித்ததில்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. சட்டம் என்று நினைத்துவிட்டேன். அந்தத் தாளை விடுதி அறையில் மேசைக்கு மேலே ஒட்டி வைத்து, ஒவ்வொரு ஞாயிறும் பேனாவால் மணிக்கணக்கை நிரப்பினேன். முதல் வருடம் ஆறு சங்கங்களில் சேர்ந்தேன். ஒன்றில் பொருளாளர், ஒன்றில் மின்னஞ்சல் அனுப்புகிறவள், மற்ற நான்கில் எதற்கு இருந்தேன் என்று இன்று கேட்டால் தெரியாது. கூட்டம் முடியும் முன்பே அடுத்த கூட்டத்துக்கு ஓடினேன். அந்த வருடத்திலிருந்து ஒரு முகம்கூட நினைவில் இல்லை, அதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

இரண்டாம் வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி பிளஸ். அன்று சாயந்திரமே மையத்தில் நேரம் கேட்டு வாங்கி, மறுவாரம் போனேன். அதே ஆலோசகர் திரையில் என் மதிப்பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "வேறு சுகாதாரத் துறைகளைப் பற்றியும் யோசித்துப் பார்க்கலாம்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். எங்கே தடுக்கியது, எப்படிப் படித்தாய், வாரத்துக்கு எத்தனை மணி வேலைக்குப் போகிறாய், ஒரு கேள்வியும் இல்லை. நான் அப்போது உணவுக்கூடத்தில் வாரம் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டிலிருந்து பணம் வரும் நிலை இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் படிக்கட்டைத் தாண்டித்தான் பிறகு மூன்று வருடம் மையத்துக்குப் போனேன்.

அன்று எனக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டியவை இரண்டு, சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஒன்று, ஆம்காஸ் கணக்கில் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டும் சேர்ந்தே கணக்கில் வரும். அதனால் சி பிளஸ் வாங்கியதையே திரும்பப் படிப்பதைவிட, அடுத்து வரும் கடினமான பாடங்களில் நன்றாகச் செய்து காட்டுவது பெரும்பாலும் நல்லது. இரண்டு, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனியாக ஒரு ஜிபிஏ கணக்கிடப்படுகிறது, வருடவாரியாகவும் காட்டப்படுகிறது. ஆகவே ஏறிக்கொண்டு போகிற மதிப்பெண் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் கண்ணில் படும். இதை நான் வேறு இடத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த ஒரு சந்திப்புக்காகத்தான் ஒரு முழு நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறேன்.

அப்புறம் ஏன் திரும்பப் போனேன்? இரண்டாம் வருடக் கடைசியில் மருத்துவமனைத் தொண்டுக்கு மையத்தின் கையெழுத்து தேவைப்பட்டது. பழைய ஆலோசகர் விடுப்பில் இருந்தார், வேறு ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முன்பு செவிலியராக வேலை பார்த்தவர். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே எண்பது மணி நேரம் போட்டிருக்கிறாயே, அதில் ஒரு சாயந்திரத்தைச் சொல்லு" என்றார். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போவேன் என்றேன். "அது வேலை. ஒரு சாயந்திரத்தைச் சொல்லு." யோசித்தேன். எண்பது மணி நேரத்தில் சொல்வதற்கு ஒரு சாயந்திரமும் வரவில்லை.

அவர் திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கோடு போட்ட சின்ன நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் பேருந்தில் உட்கார்ந்து ஐந்து வரி எழுத வேண்டும். மனசில் என்ன தோன்றியது என்பது வேண்டாம், யார் என்ன சொன்னார்கள், உன் கை என்ன செய்தது, அது மட்டும். பெயர், அறை எண், பிறந்த தேதி, அடையாளம் காட்டக்கூடிய எதுவும் கூடாது. நோயாளிகளின் தகவலைப் பாதுகாக்கும் ஹிப்பா சட்டம் பற்றிப் பயிற்சியில் நாற்பது நிமிடக் காணொலி பார்த்திருந்தேன், ஆனால் அது எதற்கு என்பது அவர் சொன்னபோதுதான் உறைத்தது: "உன் விண்ணப்பத்தில் தன் கதை வரும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது, அவரைக் காப்பாற்ற வேண்டியது நீதான்."

இந்த மையத்தில் நான் பெற்ற மிகப் பெரிய உதவி அந்த நோட்டுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நோட்டின் நான்காவது பக்கம். டிஸ்சார்ஜ் ஆன ஒரு பெரியவரைக் கீழே வாசல் வரை கொண்டு போய் விட வேண்டும். நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, கால் தாங்கியை மடக்கி, உட்கார்ந்த பிறகு இறக்கி, கால்களை அதன்மேல் எடுத்து வைத்தேன். மடியில் மருத்துவமனை தருகிற பிளாஸ்டிக் பை, அதில் அவர் வந்த அன்று போட்டிருந்த சட்டை. லிஃப்டில் ஒன்றும் பேசவில்லை. வாசலில் கார் எதுவும் இல்லை. "யார் வருகிறார்கள்?" என்று கேட்டேன். "பஸ்" என்றார். பிப்ரவரி மாதம், வெளியே பனி. கையில் மூன்று மருந்துச் சீட்டுகள், அந்த நேரத்தில் மருந்துக்கடை திறந்திருக்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேலே போய்ச் செவிலியரிடம் சொன்னேன், அவர் சமூகப் பணியாளரை அழைத்தார், ஒரு டாக்சி வவுச்சர் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை நான் அவர் பக்கத்தில் நின்றேன். ஐந்து வரியில் இவ்வளவும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆலோசகர் கேட்டார்: "அடுத்த தடவை இப்படி ஒருவர் வந்தால் வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்பாயா?" அதிலிருந்து அறையிலேயே கேட்க ஆரம்பித்தேன். மூன்றாம் வருடம் அதே மருத்துவமனையில், வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் போக்குவரத்து, சாப்பாடு, மருந்து ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரித்து உதவும் தொண்டர் குழுவுக்கு மாறினேன். மணிக்கணக்குத் தாள் சொல்லியிருந்தால் மாறியிருக்க மாட்டேன், ஏனென்றால் அந்தக் கட்டம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

இன்னொரு பக்கம். அவசரப் பிரிவின் காத்திருப்பு அறையில் நம் ஊர்ப் பாட்டி ஒருவர், கூட வந்த மகன் வண்டியை நிறுத்தப் போயிருக்கிறார். நான் தமிழ் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நீயே அவங்ககிட்ட சொல்லிடும்மா, நெஞ்சுல என்னமோ அடைக்குது" என்றார். எனக்குத் தமிழ் பேச வரும், ஆனால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க எனக்குத் தகுதிப் பயிற்சி கிடையாது, தொண்டர்கள் அதைச் செய்யக் கூடாது என்று மருத்துவமனை விதி. "பாட்டி, உங்களுக்கு நெஞ்சு அடைக்குதுன்னு இப்பவே நர்ஸ்கிட்ட சொல்றேன், மத்ததை நீங்க தமிழ்லயே சொல்லலாம், போன்ல ஒருத்தர் வருவாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன். தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கையை விடாமல் பிடித்திருந்தேன். பாட்டி தன் மாத்திரைகளைப் பற்றிச் சொன்னபோது மொழிபெயர்ப்பாளர் நிறுத்தி, எந்த மாத்திரை, எத்தனை நாளாக விட்டுவிட்டீர்கள் என்று திரும்பக் கேட்டுத் தெளிவாக்கினார். நானாக இருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது, "மாத்திரை சாப்பிடுகிறார்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். மொழி தெரிந்திருப்பதும் மொழிபெயர்க்கத் தெரிந்திருப்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நேர்காணல்களில் "உன் எல்லை எது என்று தெரிந்துகொண்ட ஒரு சந்தர்ப்பம்" என்று கேட்டபோதெல்லாம் இந்தப் பக்கம்தான் கை கொடுத்தது.

சரி, உணவுக்கூட வேலை. இரண்டரை வருடம் பாத்திரம் கழுவும் அறையில் நின்றேன். தட்டுகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும், மிச்சத்தைத் தட்டிவிட்டு, ரேக்கில் அடுக்கி, இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும், மறுபுறம் ஆவியோடு வெளியே வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆள் குறைந்தால் பெல்ட்டை நிறுத்தக் கத்த வேண்டியிருக்கும். இதை நான் மையத்தின் தாளில் எழுதவே இல்லை, ஏனென்றால் அதில் அதற்குக் கட்டமே இல்லை. என் சக தோழிகள் ஆய்வகம், ஷேடோயிங் என்று போட்டிருக்க, பாத்திரம் கழுவியதைப் போய் எழுதுவதா என்று கூச்சம். இரண்டாவது ஆலோசகர் விஷயம் தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வாரம் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டுதான் இந்த ஜிபிஏ என்று விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?" ஆம்காஸில் மருத்துவம் சாராத சம்பள வேலை என்றே ஒரு வகை இருக்கிறது. அனுபவம், குணநலன், மதிப்பெண் மூன்றையும் சேர்த்து எடை போட வேண்டும் என்று மருத்துவக் கல்லூரிகள் சங்கமே தேர்வுக் குழுக்களுக்குச் சொல்கிறது. 2024 சுற்றிலிருந்து, வாழ்க்கையில் கடந்துவந்த தடைகளை எழுத 1,325 எழுத்தில் தனியாக ஒரு பகுதியும் விண்ணப்பத்தில் இருக்கிறது. அந்த வேலையை என் மூன்று முக்கியமானவற்றில் ஒன்றாகப் போட்டேன். புதிதாக வந்த பையன் தட்டை உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்ட ராத்திரி, யார் பெல்ட்டை நிறுத்தினார்கள், யார் துணி எடுத்து அழுத்தினார்கள், முதலுதவிப் பெட்டி காலியாக இருந்தது, மறுநாள் யார் போய் மேலாளரிடம் கேட்டு நிரப்ப வைத்தார்கள் என்று எழுதினேன். நேர்காணலுக்குப் போன நான்கு கல்லூரிகளில் மூன்றில் அதைப் பற்றிக் கேட்டார்கள்.

வேதியியல் டியூட்டரிங்கும் அப்படித்தான். சி பிளஸ் வாங்கிய பிறகு எப்படிப் படிக்க வேண்டும் என்று புதிதாகக் கற்றுக்கொண்டேன், பயோகெமிஸ்ட்ரியில் ஏ வந்தது, அப்புறம் முதல் வருட மாணவர்களுக்குப் பொது வேதியியல் சொல்லிக் கொடுக்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு பெண் ஒவ்வொரு வாரமும் வந்து "புரிந்தது" என்று சொல்லிவிட்டுப் போவாள், தேர்வில் தோற்பாள். ஒரு நாள் கரும்பலகை சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்துகொண்டேன், இரண்டாவது வரியிலேயே எங்கே சிக்கல் என்று தெரிந்தது: மோலும் கிராமும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தன. இப்போது மருத்துவக் கல்லூரியில், நோயாளிக்கு மருந்தை விளக்கிவிட்டு அவரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள் என்று ஒரு முறை கற்பிக்கிறார்கள். வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்கு அந்தச் சாக்பீஸ்தான் நினைவுக்கு வந்தது.

ஆய்வகம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வருடம் போனேன், பிப்பெட் பிடித்தேன், வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனை பல தடவை கெட்டுப்போய் ஒரு தடவை சரியாக வந்தது. எனக்கு அதில் ஈர்ப்பு இல்லை என்று தெரிந்துகொண்டு நேர்மையாகச் சொல்லி விலகினேன். இதற்கும் பழைய தாளை நம்பியிருந்தால் வேண்டா வெறுப்பாக மூன்று வருடம் இழுத்திருப்பேன். ஆய்வில் உண்மையிலேயே ஆசை இருக்கிறவர்களுக்கு இந்த மையம் நன்றாக வழிகாட்டுகிறது என்று தோழிகள் சொன்னார்கள், நியாயத்துக்காகச் சொல்கிறேன்.

பணம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மையம் மோசம். எம்கேட் எழுதவே 300 டாலருக்கு மேல். ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு 170 டாலருக்கு மேல், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 டாலருக்கு மேல். அதன்பிறகு பெரும்பாலான கல்லூரிகள் தங்கள் கட்டுரைகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கும். இருபது கல்லூரி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் கட்டண உதவித் திட்டம் இருக்கிறது: எம்கேட் கட்டணம் குறையும், பயிற்சிப் பொருள்கள் இலவசம், ஆம்காஸில் 20 கல்லூரிகள் வரை கட்டணம் கிடையாது, பல கல்லூரிகள் தங்கள் கட்டணத்தையும் விட்டுவிடும். ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். மூன்றாம் வருடம் முடிந்த கோடையில் நான் எம்கேட்டுக்கு முழுப் பணம் கட்டி எழுதிய பிறகு, மையத்தின் வரவேற்பு மேசையில் ஏதோ துண்டுப் பிரசுரத்தின் அடியில் இதைப் பற்றிய தாளைப் பார்த்தேன். அந்தப் பணம் உணவுக்கூடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியும். முதல் வருடமே, முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டிய விஷயம் இது. விண்ணப்பத்துக்கு மட்டுமாவது பயன்படுத்திக்கொள்ள முடிந்தது.

கமிட்டி லெட்டர் என்று ஒன்று. மையமே ஒரு குழு அமைத்து, மாணவரைப் பேட்டி கண்டு, பேராசிரியர்களின் கடிதங்களையும் சேர்த்து ஒரே கடிதமாக மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பும். எனக்கு வந்த கடிதம் நன்றாக இருந்திருக்க வேண்டும், ஒரு நேர்காணலில் "உன் கல்லூரிக் கடிதத்தில் எழுதியிருக்கிற அந்த நோட்டு என்ன?" என்று கேட்டார்கள். ஆனால் இரண்டு பெரிய குறை. கடிதம் ஆகஸ்ட் நடுவில்தான் போய்ச் சேர்ந்தது. ஆம்காஸ் மே மாதம் திறக்கிறது, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ சமர்ப்பிக்கலாம், பெரும்பாலான கல்லூரிகள் வர வர படித்து நேர்காணலுக்கு அழைக்கின்றன. அந்த இரண்டு மாதம் வீணாகப் போவது சின்ன விஷயமில்லை. நீங்கள் செய்யக்கூடியது: கடிதத்துக்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள், ஆம்காஸ் உங்கள் மதிப்பெண்களைச் சரிபார்க்கக் கடிதம் தேவையில்லை, ஜூனில் அந்த வேலைக்கே வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது குறை இன்னும் பெரியது. குறிப்பிட்ட ஜிபிஏவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மையம் கடிதம் எழுத மறுக்கிறது. என் தோழி ஒருத்திக்கு அப்படி மறுத்தார்கள். முதல் இரண்டு வருடம் அவளுடைய அம்மா உடம்பு சரியில்லாமல் இருந்தார், அப்போது விழுந்த மதிப்பெண்தான் அது. அவள் தனித்தனியாக நான்கு பேரிடம் கடிதம் வாங்கி, கமிட்டி கடிதம் ஏன் இல்லை என்று கேட்ட கல்லூரிகளுக்கு நேராகவே காரணம் எழுதி, இன்று மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அவளை மறுத்தது தவறு என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

மாதிரி நேர்காணல் சேவைக்கு மட்டும் தனி மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து. வழக்கமான பேட்டியும் உண்டு, எம்எம்ஐ என்கிற, கதவில் ஒட்டிய கேள்வியைப் படித்துவிட்டு உள்ளே போய்ச் சில நிமிடம் பேசும் முறையும் உண்டு. வீடியோ எடுத்துத் திரும்பப் போட்டுக் காட்டுவார்கள். முதல் தடவை நான், "மருத்துவமனையில் பரிவைக் கற்றுக்கொண்டேன்" என்று ஆரம்பித்தேன். அந்த முன்னாள் செவிலியர் கையைக் காட்டி நிறுத்தினார். "யாரிடம்?" பதில் சொன்னேன். "அவர் என்ன செய்தார்?" சொன்னேன். "இதிலிருந்தே ஆரம்பி." பரிவு என்ற சொல் என் பதிலில் அதன்பிறகு வரவே இல்லை. இரண்டு மாதத்தில் ஏழு தடவை போனேன், கட்டணம் கிடையாது. வெளியே இதற்கு நூற்றுக்கணக்கான டாலர் வாங்குகிறார்கள்.

இன்னும் ஒன்று. பட்டத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவில் ஒரு வருடம் எடுப்பதை மையத்தின் கையேடு ஏதோ பின்வாங்கல் மாதிரி எழுதியிருக்கிறது. இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குறைந்தது ஒரு வருடமாவது இடைவெளி விட்டுத்தான் வருகிறார்கள், என் வகுப்பிலேயே நேராக வந்தவர்கள்தான் குறைவு. நான் அந்த வருடம் ஓர் அவசரப் பிரிவில் ஸ்க்ரைபாக இருந்தேன். மருத்துவர் பின்னாலேயே கணினி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், நோயாளி சொல்வதையும் அவர் சோதித்ததையும் தட்டச்சு செய்யும் வேலை. ஒரே வயிற்று வலியை ஒரு மருத்துவர் மூன்று கேள்வியில் முடிப்பார், இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நான்காவதாக ஒன்று கேட்பார், அதில் விஷயமே மாறிவிடும். கோப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். உட்கார்ந்ததைப் பதிவு செய்ய அதில் இடம் கிடையாது, அதை என் நோட்டில் எழுதினேன். கல்லூரியின் நான்கு வருடம் சொல்லித் தராத பலவற்றை அந்த ஒரு வருடம் சொல்லித் தந்தது. பட்டம் வாங்கிய பிறகும் பழைய மாணவர்களுக்கு மையம் திறந்திருக்கிறது என்பது நல்ல விஷயம், ஆனால் இதை அவர்கள் எங்கேயும் எழுதிப் போடவில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விவரம். நேரம் திங்கள் காலை எட்டு மணிக்கு இணையத்தில் திறக்கும், ஒன்பதுக்குள் தீர்ந்துவிடும், செப்டம்பரிலும் ஜனவரியிலும் இன்னும் வேகமாக. முதலில் கிடைத்த ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஒருவரைக் கேளுங்கள், அதற்குப் படிவம் எதுவும் வேண்டாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நான் பயந்துகொண்டு ஒரு வருடம் வீணாக்கினேன். முதல் சந்திப்பிலேயே கட்டண உதவித் திட்டம் பற்றிக் கேளுங்கள். கடிதத்துக்கான உள் தேதிகள் ஜனவரியிலேயே வந்துவிடும், விண்ணப்பிப்பதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த வேலையை முடித்துவிடுங்கள். மணிக்கணக்குத் தாள் கொடுத்தால் வாங்கி மடித்து வையுங்கள், சுவரில் ஒட்ட வேண்டாம். வேலைக்குப் போகிறீர்கள் என்றால், வீட்டில் தம்பி தங்கையையோ உடம்பு சரியில்லாத தாத்தாவையோ பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நோட்டு மையத்தில் இப்போது கொடுப்பதில்லை, அந்த ஆலோசகர் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். நான் அதே மாதிரி கோடு போட்ட சின்ன நோட்டுகளை ஒரு கட்டாக வாங்கி வைத்திருக்கிறேன், சொந்தத்தில் ப்ரீமெட் போகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. இரண்டு போய்விட்டன, வேண்டுகிறவர்கள் கேளுங்கள்.